16 கோடி ரூபாய் மருந்தும் மார்க்கமும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு போன்ற பகுதிகளில் உள்ள நம் வீடுகளுக்கு இப்பொழுதெல்லாம் கைப்பேசி வழியாக ஒரு வகை விண்ணப்பம் வருகிறது. தலை நிற்காத ஒரு பச்சிளங்குழந்தையின் படம் இருக்கும். ஒரே ஓர் ஊசிக்கு 16 கோடி ரூபாய் வேண்டும், இரண்டு வயது நிரம்புவதற்குள் போட்டாக வேண்டும் என்ற செய்தி அதன் கீழே இருக்கும். படிக்கிற தாய்மார்களின் கண்கள் கலங்குகின்றன. கையிலிருக்கும் நூறோ ஐந்நூறோ அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பிய பிறகு மனத்தில் கேள்விகள் எழுகின்றன. மரபணுவில் செய்யப்படும் வைத்தியம் அல்லாஹ்வின் படைப்பில் கை வைப்பதாகாதா? இதற்கு ஜகாத் கொடுத்தால் நிறைவேறுமா? ஒரு குழந்தைக்கே 16 கோடி என்றால் மற்ற ஏழைகளின் கதி என்ன?

இந்த மூன்று கேள்விகளும் நியாயமானவை. இவற்றுக்குப் பின்னால் நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதை நாம் கேட்பதில்லை. அதையும் பார்ப்போம்.

நோயும் மருந்தும்

முதுகுத் தண்டின் உள்ளே அல்லாஹ் சில நரம்பணுக்களை அமைத்திருக்கிறான். கை கால்களை அசைக்கவும், மூச்சு விடவும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்வது அவற்றின் வேலை. அந்த அணுக்கள் உயிரோடிருக்க ஒரு புரதம் தேவை. அப்புரதத்தை உண்டாக்கும் மரபணு சில குழந்தைகளுக்கு இல்லாமலோ பழுதுபட்டோ போய்விடுகிறது. அப்பொழுது நரம்பணுக்கள் மடிகின்றன, தசைகள் சூம்புகின்றன. முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு என்று இந்நோய்க்குப் பெயர். டாக்டர்கள் சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பார்கள். ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. கடுமையான வகையில் ஆறு மாதத்திற்குள்ளேயே அறிகுறி தெரியும். வைத்தியம் கிடைக்காவிட்டால் அக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தாண்டினாலும் மூச்சுக்கருவியின் துணை வேண்டியிருக்கும். ஆனால் அறிவில் ஒரு குறையும் இல்லை. தாயின் குரலைக் கேட்டால் அக்குழந்தை சிரிக்கும், கண்ணால் பேசும். கையைத் தூக்கத்தான் இயலாது.

இதற்கு வந்துள்ள மரபணு மருந்தின் பெயர் ஸோல்ஜென்ஸ்மா. 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி இதற்கு வைத்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் நாட்டுப் பணத்தில் அதைத்தான் 16 கோடி என்கிறார்கள். மனிதனுக்கு நோய் உண்டாக்காத ஒரு வைரஸை எடுத்து, அதனுள் இருந்ததை நீக்கி, நல்ல மரபணுவின் நகல் ஒன்றை வைத்து, இரத்த நாளத்தின் வழியே ஏற்றுகிறார்கள். அது நரம்பணுவைச் சென்றடைந்து, தேவையான புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஒரு தடவை ஏற்றினால் போதும்.

ஆனால் மடிந்துபோன நரம்பணுவை இம்மருந்து எழுப்பித் தராது. இருப்பவற்றைத்தான் காப்பாற்றும். ஆகவேதான் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே மருந்து பெற்ற குழந்தைகள் பலர் உட்காரவும் நடக்கவும் செய்தார்கள். தாமதமாகப் பெற்றவர்களுக்குப் பலன் குறைந்தது. ஆபத்தும் உண்டு. கல்லீரல் பாதிக்கப்பட்டு ரஷ்யாவிலும் கஸகஸ்தானிலும் இரண்டு குழந்தைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. மருந்து ஒரு காரணம்; ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் என்பதை இங்கும் மறக்கலாகாது.

படைப்பை மாற்றுவதா?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அன்னிஸா அத்தியாயம் கூறுகிறது. அதைப் படித்தவர்களுக்கு முதலாவது சந்தேகம் எழுவது இயற்கையே. ஆனால் உலமாக்கள் இதில் வேறுபாடு காட்டியுள்ளனர். ஆரோக்கியமான படைப்பை அழகுக்காகவோ ஆணவத்துக்காகவோ மாற்றுவது வேறு. பழுதுபட்டதைச் சரிசெய்வது வேறு. பிளந்த உதட்டைத் தைப்பதை யாரும் படைப்பை மாற்றுவதாகச் சொல்வதில்லை. வைத்தியம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். முதுமை ஒன்றுக்கு மட்டுமே அங்கு விலக்குச் சொல்லப்பட்டது.

மக்காவிலுள்ள ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு சபை 1998ஆம் ஆண்டு கூடிய 15ஆவது அமர்வில் இதைப் பரிசீலித்தது. நோயைத் தடுக்கவோ, குணப்படுத்தவோ, அதன் தீங்கைக் குறைக்கவோ மரபணு முறைகளைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைவிடப் பெரிய தீங்கு அதனால் விளையக் கூடாது என்று தீர்மானித்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பேசும் மருந்து அக்குழந்தையின் உடலோடு நின்றுவிடும். அதன் சந்ததிக்குப் போய்ச் சேர்வதற்காகத் தரப்படுவதன்று. நஸபு எனும் வம்சத் தூய்மைக்கு இதனால் ஊறு வரும் என்ற அச்சம் இங்கே எழாது. கருவிலேயே மரபை மாற்றி வருங்காலத் தலைமுறையைத் திருத்தும் முயற்சி முற்றிலும் வேறு மஸ்அலா. அதற்கு இந்த அனுமதியை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

ஜகாத் கொடுக்கலாமா?

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயம் குறிப்பிட்டுவிட்டது. மருத்துவமனையும் மருந்துக் கம்பெனியும் அந்த எட்டில் இல்லை. ஆகவே ஜகாத் பணம் தகுதியுள்ள மனிதரின் கைக்கு உடைமையாகச் சேர வேண்டும். குழந்தைக்காக அதன் தந்தையோ வலீயோ பெற்றுக்கொள்ளலாம். மாதச் சம்பளம் வாங்குகிற தந்தை ஏழையா என்று கேட்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில், வருமானம் தன் அவசியத் தேவைக்குப் போதாதவர் ஏழை அல்லது மிஸ்கீனாகக் கருதப்படுவார். ஹனஃபி மத்ஹபில், அவசியத் தேவை போக நிஸாபு அளவு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே நுட்பமான ஒரு சிக்கல் வருகிறது. வசூலான ஜகாத் அவருடைய கையில் சேரச் சேர, அவரே நிஸாபுக்கு உரியவராகிவிடுவார். அதன் பிறகு வருவது ஜகாத்தாக நிறைவேறாது. சிகிச்சைக்காக அவர் கடன்பட்டவராகி, அந்தக் கடனை அடைக்க ஜகாத்தைப் பெறுவது பேணுதலான வழி. கடன்பட்டோர் எட்டு வகையினரில் ஒருவர் அல்லவா?

வசூல் செய்பவர்கள், கொடுத்தவர்களின் வகீல்கள். ஜகாத்தையும் ஸதகாவையும் அவர்கள் தனித்தனியாக வைக்க வேண்டும். தொகை சேருமுன் குழந்தை மவுத்தாகிவிட்டால் என்ன செய்வது, தேவைக்கு மேல் வந்தால் யாருக்குத் தருவது என்பதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். 2021ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு குழந்தைக்காகத் திரட்டிய தொகை தேவையைத் தாண்டிப் பல கோடி வந்தது. போதும் என்று அறிவித்து, மீதியை அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்குத் தருவதாகச் சொன்னார்கள். அமானிதத்தைப் பேணுவதற்கு அது நல்ல முன்மாதிரி.

மஹல்லாவின் ஏழைகளையும் மறந்துவிடக் கூடாது. ஓர் ஊரின் ஜகாத்தை அங்கேயே தகுதியுள்ளோர் இருக்கும்போது வெளியூருக்குக் கொண்டுபோவதை ஷாஃபிஈ மத்ஹபு தடுக்கிறது. ஹனஃபி மத்ஹபில் உறவினருக்கோ, அதிகத் தேவை உள்ளவருக்கோ தவிர மக்ரூஹ். கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலைச் சுற்றி விதவைகள் இருக்கிறார்கள். தியாகராயநகர் பஸ்லுல்லா சாலையில் அஞ்சுமன் வளர்க்கும் அநாதைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஹக்கைக் குறைத்து இதற்குத் தர வேண்டியதில்லை. ஸதகாவுக்கு எல்லை இல்லை. இதற்கு அந்தக் கதவே அகலமானது.

ஓர் உயிரா, பல உயிர்களா?

இந்த 16 கோடியில் எத்தனையோ பேருக்கு டயாலிஸிஸ் செய்யலாமே, எத்தனையோ பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து தரலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவருக்கு ஒப்பாவார் என்ற கருத்துள்ள அல்மாயிதா அத்தியாயத்தின் வசனத்தை மற்றவர்கள் பதிலாகக் காட்டுகிறார்கள். என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, இரு சாராரும் இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தன் சொந்தப் பணத்தில் நூறு ரூபாய் தருகிற பெண்மணியிடம், அதைவிடச் சிறந்த இடம் உண்டே என்று தர்க்கம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஒரு முகத்தைக் கண்டு இரங்கும் இதயம் அல்லாஹ் தந்த ரஹ்மத். அந்த இரக்கத்தைக் கணக்கேட்டால் அணைத்துவிட்டால், அந்த நூறு ரூபாய் டயாலிஸிஸ் நோயாளிக்கும் போய்ச் சேராது. ஆனால் பிறர் பணத்தை நிர்வகிக்கும் முதவல்லியும், ஜமாஅத்துத் தலைவரும், பைத்துல்மால் பொறுப்பாளரும் அமீன்கள். அவர்கள் கண்ணில் பட்ட முகத்துக்கு மட்டும் இரங்கிவிட்டு இருந்துவிட முடியாது. படம் எடுத்து அனுப்பத் தெரியாத வீட்டையும் தேடிப் போக வேண்டும். கேட்பதற்குக் கூசி நிற்பதால் வசதியுள்ளவர் போலத் தோன்றும் ஏழைகளைப் பற்றி அல்பகராவில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். அந்த நோயாளிக் குழந்தைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. மானத்திற்கு அஞ்சி ஊரறியச் சொல்லாத தாய் தந்தையர் உண்டு. முகம் காட்டிய குழந்தைக்கே மருந்து என்றாகிவிட்டால், அது நீதியான பங்கீடாகாது.

சீட்டுக் குலுக்கல்

யாருக்குத் தருவது என்ற அதே பிரச்சினைக்கு மருந்துக் கம்பெனியும் ஒரு வழி செய்தது. மருந்துக்கு அனுமதி இல்லாத நாடுகளின் குழந்தைகளுக்கு, ஆண்டுக்கு 100 பேர் வரை, சீட்டுக் குலுக்கி இலவசமாகத் தரும் திட்டத்தை 2020 ஜனவரியில் தொடங்கியது. இந்தியக் குழந்தைகள் சிலருக்கும் அவ்வாறு கிடைத்தது. குழந்தைகளின் உயிரைக் குலுக்கலில் விடுவதா என்று பெற்றோர் சங்கங்களிலிருந்து கண்டனமும் எழுந்தது.

சீட்டுப் போடுவதற்கு ஷரீஅத்தில் இடமுண்டு. யூனுஸ் (அலை) அவர்கள் இருந்த கப்பலில் சீட்டுப் போடப்பட்டது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கு எழுதுகோல்கள் எறியப்பட்டன. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, தம் மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்குச் சீட்டுப் போடுவார்கள் என்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்றைக் காணலாம். உரிமையுடையோர் சமமானவர்கள், பொருளோ பங்கு போட முடியாதது, ஒட்டகத்தின் முதுகில் ஒருவருக்குத்தான் இடம். அந்த இடநெருக்கடியை யாரும் இலாபத்துக்காக உண்டாக்கவில்லை. ஆகவேதான் அங்கே சீட்டு மனத்தாங்கலைப் போக்கியது.

நான்காவது கேள்வி இதுதான்: இந்த மருந்து ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? இதைத் தயாரிப்பது கடினம், ஆராய்ச்சிக்குச் செலவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கண்டுபிடிப்புக்கு உரிய உரிமையைச் சொத்தாக மதிக்க வேண்டும் என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் தீர்மானித்திருக்கிறது. உழைத்தவருக்குக் கூலி உண்டு. ஆனால் பல்லாயிரம் பெற்றோருக்கு எட்டாத உயரத்தில் இம்மருந்தை வைத்திருப்பது பெரும்பாலும் விலைதான். அந்த விலையை நிர்ணயித்தவர்கள் மனிதர்கள். மனிதர் செய்த தட்டுப்பாட்டைத் தக்தீர் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளக் கூடாது. நோய் வந்தது தக்தீர். அதில் பொறுமை கடமை. மருந்து இருந்தும் கிட்டாதது பெருமளவு மனிதரின் ஏற்பாடு; அதில் நியாயம் கேட்பது கடமை.

மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலை நிர்ணயம் செய்யும்படி மக்கள் கேட்டார்கள். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது உண்மை. சரக்கு குறைந்து விலை தானாக ஏறிய நேரம் அது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். விற்பவர்கள் அளவு மீறி விலையேற்றி மக்களுக்கு இடர் செய்தால், அறிந்தோரைக் கலந்து ஆட்சியாளர் விலை நிர்ணயிக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா நூல் கூறுகிறது. பதுக்கலை மார்க்கம் ஹராமாக்கியதும் இதே காரணத்தால்தான்.

நியாயம் கேட்டால் பலன் உண்டா என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. தனித்தனிக் குழந்தைகளின் பெற்றோர் இறக்குமதி வரியை நீக்கும்படி மன்றாடிக்கொண்டிருந்தார்கள். வரி மட்டுமே சுமார் ஆறு கோடி வந்தது. 2021 செப்டம்பரில், தனிப்பட்ட உபயோகத்திற்கு இறக்குமதியாகும் இந்த மருந்துக்கு விலக்களிக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தது. அரிய நோய்களுக்கு மத்திய அரசு 2021இல் கொள்கை வகுத்தது. உதவித் தொகையின் உச்ச வரம்பு 2022இல் 50 லட்சமாக உயர்ந்தது. இதே நோய்க்கு வாயால் உட்கொள்ளும் ரிஸ்டிப்லாம் என்று வேறொரு மருந்தும் உண்டு. அது மரபணு ஊசி போன்றதன்று. தொடர்ந்து உட்கொள்ள வேண்டியது. ஒரு குப்பி சுமார் ஆறு லட்சத்துக்கு விற்றது. காப்புரிமை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் தடை விதிக்க மறுத்துவிட்டது. அதன் பிறகு ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தை 15,900 ரூபாய் விலையில் கொண்டுவந்தது. எந்த உண்டியலும் செய்ய முடியாததை ஒரு வழக்கு செய்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையையும் பாருங்கள். அங்கே ஹீமோஃபீலியா எனும் இரத்தப் போக்கு நோய்க்கு ஐந்து பேருக்கு மரபணு வைத்தியம் செய்ததை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது நரம்பு நோய்க்கானதன்று. ஆயினும் இந்த வித்தை நம் மண்ணிலும் விளையும் என்பதற்கு அது அத்தாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

அடையாறு கான்ஸர் இன்ஸ்டிடியூட் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் அவருடன் இருந்தோரும் ஊராரிடம் கேட்டுப் பெற்ற நன்கொடைகளால் அதை எழுப்பினார்கள். ஒரு நோயாளிக்கு என்று கேட்டிருந்தால் அந்த நோயாளியோடு முடிந்திருக்கும். ஒரு ஸ்தாபனத்துக்கு என்று கேட்டதால் எத்தனையோ ஏழைகள் இன்றளவும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். மாற்று மதத்தாராயினும் நற்காரியத்தில் பாடம் கற்பது நமக்கு இழுக்கன்று. நம் மஹல்லா பைத்துல்மால்கள் ஒன்று சேர்ந்து, அரிய நோய்களுக்கென்று ஸதகாவும் வக்ஃபும் கொண்ட நிரந்தர நிதியை ஏற்படுத்தலாம். விண்ணப்பத்தை டாக்டரிடம் விசாரித்து, பணத்தை உரிய கணக்கில் செலுத்தி, குழந்தையின் முகத்தை ஊரெல்லாம் காட்டாமலேயே அந்நிதி உதவலாம்.

குடும்பங்களில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பெரும்பாலும் தாய், தந்தை இருவரும் பழுதுபட்ட மரபணுவைச் சுமந்தால்தான் இந்நோய் பிள்ளைக்கு வரும். சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அத்தகைய தம்பதியருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே மருமகளின் ராசி என்று பழி சொல்வது பெரும் பாவம்; அவளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவே மகனுக்கும். மாமன் மகள், மாமி மகன் சம்பந்தம் ஹலால் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பது விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் குறிப்பிட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் இந்நோய் தோன்றியிருந்தால், நிகாஹ் பேசும்போதே இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறந்த குழந்தைக்கு உடனே பரிசோதிப்பது இன்னும் முக்கியம். மருந்துக்கு நாட்களே உயிர் என்பதை மேலே பார்த்தோம்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! அடுத்த தடவை அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், விசாரித்துவிட்டு, இயன்றதைக் கொடுங்கள். மற்றவர்கள் கணக்குப் போடட்டும் என்று உங்கள் கையை மூடிக்கொள்ளாதீர்கள். ஆனால் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்றும் எண்ணாதீர்கள். உங்கள் ஜமாஅத்தில் எழுந்து, நமக்கு ஒரு நிதி ஏன் இல்லை என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், இந்த மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏன் இல்லை என்று கேளுங்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவது ஸதகா; தானியத்தைப் பதுக்குகிறவனைத் தடுப்பது நீதி. நம் மார்க்கம் இரண்டையும் நம்மிடம் எதிர்பார்க்கிறது.

நோயுற்ற குழந்தைகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! அவர்களைச் சுமக்கும் தாய் தந்தையரின் பொறுமைக்கு நிறைந்த கூலியைத் தருவானாக! கொடுக்கும் கையையும் நியாயம் கேட்கும் நாவையும் நமக்கு ஒருசேர அருள்வானாக! ஆமீன்.